நாற்பத்தொன்றாம் தாளில் ஒட்டிய இலை

நான் வேலை பார்த்த கல்லூரியில், பாடம் பண்ணி வைத்திருக்கும் செடிகளை எல்லாம் இப்போது படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற ஜெயந்தி மேடம் போன மாதம் நாமக்கல்லில் என் வீட்டுக்கு வந்திருந்தார். பெரணி, அதாவது ஃபெர்ன் செடிகள் இருக்கும் அலமாரியைத் திறந்தால் பழைய பெயர்களில் பலதும் மாறிக் கிடக்கின்றன என்றார். எகனால்ஃபியா என்று நான் தனியாக அடுக்கிவைத்த கட்டு முழுவதும் பொல்பிட்டிஸ் கட்டோடு சேர்ந்துவிட்டதாம். இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது முடிவாகிவிட்டதாம். துறை மலருக்கு அந்த அலமாரியைப் பற்றி நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். செடிகளின் லத்தீன் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பேனே தவிர, அர்த்தம் தெரியாது. அலமாரி முழுவதைப் பற்றி எழுத எனக்கு வராது. அதில் இருக்கும் ஒரு தாளைப் பற்றி எழுதுகிறேன். ஆஞ்சநேயர் அறிய, நடந்ததை நடந்தபடி.

வேலைக்கு வருமுன் நான் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சீட்டுக்கு ரெக்சின் ஒட்டிக்கொண்டிருந்தேன். சுருக்கம் விழாமல், ஓரம் தூக்காமல் ஒட்டுவேன். கல்லூரியில் செடி ஒட்ட ஆள் தேவை என்று பட்டறைக்கு வந்த ஒருவர் சொல்ல, போய் நின்றேன். ஒரு வேப்பிலைக் கொத்தைக் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். தற்காலிகப் பணி. அந்தத் தற்காலிகம் பதினான்கு வருடம் ஓடியது.

வேலை இதுதான். மலையிலிருந்து கொண்டுவரும் செடியைச் செய்தித்தாளுக்குள் விரித்து, மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மரச்சட்டத்தில் வைத்து வாரால் இறுக்குவோம். தினமும் ஈரமான தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் மாற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததும் மைதா மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசையால் கனத்த வெள்ளைத் தாளில் ஒட்டுவோம். கீழ் வலது மூலையில் லேபிள்: செடியின் பெயர், எடுத்த இடம், எடுத்தவர், எண். அலமாரியில் அந்துருண்டை போட்டு மூடிவிட்டால் நூறு வருடம் இருக்கும்.

எங்கள் துறையில் பெரணிகளைப் பார்த்தவர் சௌந்தரம் மேடம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தாள் பிடிக்கவில்லை என்றால் பென்சிலால் மூலையில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தப்பு என்ன என்று சொல்ல மாட்டார். நானே தேட வேண்டும். மாணவர்கள் ஒரு செடியைக் காட்டிப் பெயர் சொன்னால் சரி, தவறு என்று சொல்லாமல், "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்பார். சரியான பெயரைச் சொன்னவர்களும் அந்தக் கேள்வியில் வியர்த்துப்போவார்கள். காலையில் வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு மேசைக்கண்ணாடியைத் துணியால் துடைப்பார், லென்ஸைத் துடைப்பார், பிறகுதான் உட்காருவார். கோயிலில் விளக்குத் துலக்குவது மாதிரி இருக்கும் எனக்கு.

இனி அந்தப் பெரணியைச் சொல்ல வேண்டும். பெரணிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. இலையின் முதுகில் இருக்கும் பழுப்புப் பொடிதான் விதை மாதிரி. பெரும்பாலான பெரணிகளில் பச்சை இலையின் முதுகிலேயே பொடி இருக்கும். இந்த வகையில் மட்டும் இலை இரண்டு விதம். அகலமாகப் பச்சையாக இருப்பது ஒன்று. ஒல்லியாக, குச்சி மாதிரி எழும்பி, முதுகு முழுக்கப் பொடியாக இருப்பது இன்னொன்று. நாங்கள் அகல இலை, பொடி இலை என்போம். பொடி இலை மழைக்காலத்தில்தான் வரும். சில செடிகளில் சில வருடம் வரவே வராது.

அகல இலையை வெளிச்சத்துக்குக் காட்டினால் நரம்பு தெரியும். நரம்புகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக ஓரத்துக்கு ஓடினால் அது எகனால்ஃபியா. வலை பின்னின மாதிரி சேர்ந்திருந்தால் பொல்பிட்டிஸ். மேடம் எனக்கு அப்படித்தான் பிரித்து அடுக்கச் சொல்லியிருந்தார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும் என்று அப்போதே பல பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடத்துக்கு அது முழுச் சம்மதமில்லை.

ஒரு ஐப்பசியில் மேடமும் நானும் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். வழிகாட்டி வெள்ளையன், மலைக்காரர். ஓடைக்கு நடுவில் பாசி படிந்த ஒரு பாறை. அதன் மேல் இந்தப் பெரணி அடர்ந்திருந்தது. மேடம் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு செடி எடுத்தார். எண் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. மழை பிடித்துக்கொண்டது. குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டில் எழுதினார். நான் செடிகளைப் பாலித்தீன் பையில் போட்டேன். அன்றைக்கு மொத்தம் அறுபது செடிக்கு மேல். மலையிறங்கிச் சேந்தமங்கலம் வந்து சேரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒட்டினேன். நாற்பத்தொன்றைப் பிரித்தபோது, செய்தித்தாளுக்குள் அகல இலைகளோடு கிழங்கு இருந்தது. பொடி இலை ஒன்று தனியாகக் கிடந்தது. கிழங்கில் இலை ஒடிந்த அடிக்காம்பு ஒன்றும் இருந்தது. உதிர்ந்த உறுப்பை ஒரு சின்னக் காகித உறையில் போட்டுத் தாளின் மூலையில் ஒட்டுவதுதான் முறை. ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. என் தாளைப் பார்த்தால் செடி மண்ணில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். ரெக்சினில் ஒட்டுத் தெரியாமல் ஒட்டிப் பழகிய கை. பொடி இலையின் காம்பை அந்த அடிக்காம்போடு சேர்த்து, ஒட்டே தெரியாமல் ஒட்டினேன். மேடம் பார்த்தார். கேள்விக்குறி போடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்கழியில் மேடம் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். பங்குனி வரை அதைத் திருப்பித் தரவேயில்லை. பொடி இலையின் ஒரு துண்டை எடுத்து, பொடியைச் சீவி, மருந்தில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். வலை நரம்பு. அகல இலையைப் பார்க்கச் சொன்னார். தனி நரம்பு. ஒரே செடி, ஒரு இலை எகனால்ஃபியா, ஒரு இலை பொல்பிட்டிஸ்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பேரினம் என்பது குடும்பப் பெயர் மாதிரி, சிற்றினம் ஆள் பெயர் மாதிரி. இந்தச் செடி இரண்டு குடும்பத்திலும் சேராது, இதற்குத் தனிக் குடும்பப் பெயரே வைக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, "இந்த இலை இதோட சேந்து வந்ததுதானே?" என்று கேட்டார். ஆமாங்க மேடம் என்றேன். அந்தச் செய்தித்தாளுக்குள் அதைப் பார்த்தவன் நான். யோசிக்கவேயில்லை.

முப்பது வருடமாக மற்றவர்கள் கொண்டுவந்த செடிகளுக்குச் சரியான பெயர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். தன் பெயர் சேர்ந்த ஒரு செடி அவருக்கு இல்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. புதுச் சிற்றினம் கண்டுபிடிப்பதே பெரிது. புதுப் பேரினம் என்றால் வாழ்க்கையில் ஒரு தடவை கிடைத்தால் பாக்கியம். மார்கழியிலேயே வேறொரு ஆளோடு மலைக்குப் போய்த் தேடிவிட்டு வந்தார். எந்த ஓடை என்று பிடிபடவில்லை. வெள்ளையன் அப்போது மிளகு பறிக்கப் போயிருந்தார். ஆனாலும் மேடம் கட்டுரையை எழுத ஆரம்பித்துவிட்டார்.

பங்குனியில், வெளி மாநிலத்திலிருந்து பெரணி தெரிந்த ஒரு பெரியவர் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அவர் தாளைப் பார்த்து ஒப்புக்கொண்டால் கட்டுரை அச்சுக்குப் போகும். தாளையும் அவரே, இப்படிப்பட்ட தாள்களைப் பாதுகாக்கும் பெரிய நிலையத்துக்கு எடுத்துப்போவார். பெயர் எந்தச் செடியைப் பார்த்து வைக்கப்பட்டதோ, அந்தத் தாளை மூலத்தாள் என்பார்கள். நாளை உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு தாளைத்தான் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மேடம் அதை என்னிடம் கொடுத்து, தூசி தட்டி, தூக்கிய இடம் இருந்தால் சரிசெய்து, அட்டை வைத்துக் கட்டச் சொன்னார்.

பங்குனி வெயிலுக்குப் பசை விட்டிருந்தது. பொடி இலையின் காம்பு நூலளவு தூக்கியிருந்தது. பசை தடவ லென்ஸை வைத்துக் குனிந்தேன். அப்போதுதான் அந்த ஒட்டுக்குள் பார்த்தேன்.

அடிக்காம்பு பிய்ந்த காம்பு. நார் நாராக இருந்தது. இலையின் காம்போ கத்தியில் சாய்வாக அறுத்தது. வழவழவென்று இருந்தது.

ஒடிந்த இலை ஒன்று, அது ஒடிந்த இடம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். எதற்குச் சாத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. நாற்பத்திரண்டாம் தாளை அலமாரியிலிருந்து எடுத்தேன். அதில் பொடி இலை இல்லை. வலை நரம்பு ஓடிய அகல இலைகள் மட்டும். கிழங்கைப் பார்த்தேன். அதில் ஓர் அடிக்காம்பு, கத்தியில் சாய்வாக அறுத்தது.

அதற்குப் பிறகுதான் ஐப்பசி ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள் தாள் மாற்றும்போது நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு இரண்டு செய்தித்தாளையும் ஒரே நேரத்தில் மேசையில் திறந்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் திற என்பதுதான் முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். அன்றைக்கு அறுபது செடி, மின்சாரம் வேறு இல்லை. காற்றில் ஓர் இலை தரையில் விழுந்தது. எடுத்துப் பக்கத்தில் இருந்ததில் வைத்தேன். எது பக்கத்தில் இருந்தது? கண்ணை மூடி எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்த இடம் மட்டும் வரவில்லை.

தாளை அப்படியே அட்டைக்குள் வைத்தேன். கட்டவில்லை. வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி பழனியம்மாளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னை நிரந்தரம் செய்கிற குழு அடுத்த வாரந்தான் கூடுகிறது. துறையிலிருந்து போக வேண்டிய சிபாரிசுக் கடிதம் மேடத்தின் மேசையில், திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதற்காக இருந்தது. வேலையில் கவனம் உள்ளவர், பொறுப்பானவர் என்று அதில் எழுதியிருந்தது. எனக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

பழனியம்மாள் முழுக்கக் கேட்டாள். "ஏனுங்க, கடுதாசில கையெழுத்து உழுகட்டும். ஆர்டர் வரட்டும். அப்பறம் சொல்லுங்க. செடி எங்கியும் ஓடிறாதுல்ல."

அச்சில் வந்துவிட்டால் அப்புறம் திருத்த முடியாது என்றேன்.

"நீங்க சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது என்பது உண்மை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனேன். வாராவாரம் போகிறவன். வெட்டவெளியில் அவ்வளவு உயரமாக நிற்கிற சாமி. அன்றைக்கு முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இலை நாற்பத்தொன்றோடதாகவே இருக்கட்டும் என்று வேண்ட வாய் வந்தது. அப்படி வேண்டக்கூடாது என்றும் தோன்றியது. ஐப்பசியிலேயே முடிந்துபோன காரியத்தை இப்போது மாற்றித் தா என்று சாமியிடம் கேட்பதா? தீபாராதனை ஒற்றிக்கொண்டு, பிரசாதம்கூட வாங்காமல் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன்.

விடுமுறையானாலும் மேடம் இருந்தார். லென்ஸ் துடைத்து வைத்திருந்தது. கட்டுரையைக் கடைசித் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிபாரிசுக் கடிதமும் பக்கத்தில் இருந்தது.

"மேடம், நாப்பத்தொண்ணுல தப்பு இருக்குதுங்க."

எழுத்துப் பிழையா என்று தலை நிமிராமல் கேட்டார்.

"இல்லீங்க. இலையே தப்புங்க. நான் ஒட்டுன பொடி இலை அதோடது இல்லீங்க."

பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றார். மாணவர்களிடம் கேட்கிற அதே குரல்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இலை விழுந்ததைச் சொன்னேன். லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். பசை மூடியிருக்கிறது, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இலையை எடுத்து அறுத்த இடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்றார். இலை ஒடிந்தால் எந்தச் சாட்சியும் மிஞ்சாது. உங்களால் முடியுமா என்று கேட்டார். ஒட்டத் தெரிந்த அளவுக்கு எனக்கு எடுக்கத் தெரியாது. முயற்சி செய்கிறேன் என்றேன்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த மையொற்றுத் தாளை விரலகலத் துண்டுகளாகக் கிழித்து, காம்பின் மேல் வைத்தேன். ஈரம் அதிகமானால் இலை ஊறிக் கூழாகும். குறைந்தால் பசை விடாது. துண்டு ஆறினால் எடுத்துவிட்டு வேறு துண்டு. பிளேடால் சீவிய மூங்கில் சிம்பைக் காம்புக்கு அடியில் மயிரளவு மயிரளவாக நுழைத்தேன். மேடம் எதிரில் உட்கார்ந்து துண்டுகளை நனைத்துக் கொடுத்துக்கொண்டேயிருந்தார். மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். என் மூக்கிலிருந்து வியர்வை தாளில் விழப்போன ஒரு சமயம், அவர் கையை நீட்டித் தன் கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். மயில்துத்தம் போட்ட பசை கல் மாதிரி பிடித்திருந்தது. நானே காய்ச்சியது.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு இலை முழுசாக வந்தது.

அதை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து நாற்பத்திரண்டின் கிழங்குப் பக்கம் நகர்த்தினேன். சாய்வோடு சாய்வு உட்கார்ந்தது. கத்தி இறங்கும்போது நின்ற ஒரு சின்னப் படி இரண்டு பக்கத்திலும் இருந்தது. அதுவும் உட்கார்ந்தது.

மேடம் எழுந்து போய்க் கூஜாவிலிருந்து தண்ணீர் குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஊட்ல சொல்லிட்டீங்களா?"

சொன்னேனுங்க என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"ஆர்டர் வரட்டும்னு சொன்னாங்க மேடம்."

"நியாயந்தானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். இது மட்டும் போதாது, செடியைப் போய்ப் பார்க்க வேண்டும், நாளைக்கு முதல் பஸ் என்றார். வெள்ளையனுக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினோம். மேடத்துக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. நாற்பத்தொன்றின் சொந்தப் பொடி இலையும் ஒருவேளை வலை நரம்பாகவே இருந்தால், அவருடைய பேரினம் பிழைத்துக்கொள்ளும். அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது. அதையே பிடித்துக்கொண்டு வழியெல்லாம் ராம நாமம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெள்ளையன் நேராக அந்தப் பாறைக்குக் கூட்டிப்போனார். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். பச்சை கொஞ்சம் வாடியிருந்தது. நான் பாசியை விலக்கிப் பிடிக்க, மேடம் கிழங்குகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒன்றின் கிழங்கு இன்னொன்றின் அடியில் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது.

வெள்ளையன் எட்டிப் பார்த்தார். "ரெண்டு செடி பின்னிக் கெடக்குதுங்க சாமி. அண்ணந்தம்பி ஒரே ஊட்ல இருக்கற மாதிரி. அடுப்பு மட்டும் தனித்தனி."

மேடம் சிரித்தார். அந்த இரண்டு நாளில் முதல் தடவை.

பாறையின் நிழல் பக்கத்தில், போன மழைக்கு எழும்பிக் காய்ந்துபோன பொடி இலை ஒன்று கிழங்கிலேயே நின்றுகொண்டிருந்தது. அதே கிழங்கில் தனி நரம்பு அகல இலை. இதில் ஒட்டு வேலை எதுவும் இல்லை. மேடம் அதை ஓடைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் பொடியைச் சுரண்டி, லென்ஸைக் கண்ணோடு சேர்த்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார்.

நரம்புகள் தனித்தனியாக ஓடின. சீப்பில் பல் மாதிரி. ஏற்கனவே எங்கள் அலமாரியில் பத்துப் பன்னிரண்டு தாள் இருக்கிற சாதாரண எகனால்ஃபியாதான் அது. புதுப் பேரினம் என்று ஒன்று அந்தப் பாறையில் இல்லை.

மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துகொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஐப்பசி மழையில் எழுதிய பக்கம். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு இரண்டையும் ஒரே அடைப்புக்குள் போட்டு, ஒரே பாறை, பொடி இலை ஒன்று என்று எழுதியிருந்தது. எந்த எண்ணுக்கு உரிய இலை என்று எழுதவில்லை.

"நீங்க ஒட்டறதுக்கு முன்னாடியே நான் ஒட்டிட்டேன் முத்துசாமி."

வெள்ளையன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். பஸ்ஸில் மேடம் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார். அவரிடம் மேடமே முதலில் சொல்லிவிட்டார். நான் அட்டைப்பெட்டி எடுக்கப் போனபோது காதில் விழுந்ததையும், பிற்பாடு மேடம் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் பெரியவருக்கு மனசு வரவில்லை. அகல இலையின் பல் விளிம்பு கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது, பேரினம் இல்லாவிட்டால் போகிறது, புதுச் சிற்றினம் என்றாவது போடலாமே என்றாராம். அது நிழலில் வளர்ந்த வித்தியாசம், அதை வைத்துப் பெயர் வைத்தால் பின்னால் வருகிறவர் ஒருவர் அதைக் கழிக்க வேண்டியிருக்கும் என்று மேடம் சொல்லிவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அன்றைக்கே கடிதம் அனுப்பினார்.

மதியம் என்னைக் கூப்பிட்டார். இலையைக் காகித உறையில் போட்டு நாற்பத்திரண்டில் ஒட்டச் சொன்னார். நாற்பத்தொன்றில் இலை இருந்த இடம் தாளில் வெளிறித் தெரிந்தது. அதை மறைக்க வேண்டாம் என்றார். ஒரு சீட்டு எழுதி அங்கே ஒட்ட வேண்டும். எங்கள் வேலையில் பழைய பெயரையோ பழைய தப்பையோ கிழித்துப் போடக்கூடாது. மேலே சீட்டு ஒட்ட வேண்டும், ஆள் பெயர் போட வேண்டும். இங்கிலீஷில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தத் தாளில் இருந்த பொடி இலை நாற்பத்திரண்டுக்கு உரியது, தவறாக ஒட்டப்பட்டது. ஒட்டியவர், பிரித்தெடுத்தவர்: முத்துசாமி. அடுத்த வரியை அவரே பேனாவை வாங்கி எழுதினார். சரிபார்க்காதவர்: சௌந்தரம்.

சிபாரிசுக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதில் இரண்டு வரி சேர்த்திருந்தார். தவறு செய்தார், தானாக வந்து சொன்னார் என்று. அந்த முதல் வரியைப் பிடித்துக்கொண்டு குழுவில் யாரோ ஆட்சேபித்தார்கள். ஆர்டர் வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. பழனியம்மாள் அந்த ஒன்றரை வருடமும் மேடத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளையும் குறை சொல்ல முடியாது.

அந்தத் திங்கட்கிழமை மதியம் கிளம்பும்போது ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. கட்டுரையில் பெயர் வரும் இடத்தை மட்டும் அவர் டைப் அடிக்காமல் விட்டிருந்தார்; கடைசியில் கையால் எழுதுவதாக இருந்தார்.

"அந்தப் பேரு என்னங்க மேடம்?"

அவர் லேபிளில் எகனால்ஃபியா என்று எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, மையை ஊதிக் காயவைத்தார். அச்சில் வராத பெயரை வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் நாலு பேர் வாயில் அது சுற்ற ஆரம்பித்துவிடும், செடி இல்லாமல் பெயர் மட்டும் திரியும் என்று விளக்கினார். அவர் குரல் சரியாகத்தான் இருந்தது. விளக்கி முடித்ததும் பேனாவுக்கு மூடி தேடினார். மூடி கையில்தான் இருந்தது.

அவர் ஓய்வு பெற்று மகனோடு தூர தேசம் போய்விட்டார். அந்தப் பெயர் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

கட்டுரையைத் திரும்பப் பெற்ற அந்த வாரம் சனிக்கிழமை மறுபடி கோயிலுக்குப் போனேன். எனக்காக இல்லை, மேடத்துக்காக ஓர் அர்ச்சனை செய்யலாம் என்று தேங்காய் பழத் தட்டு வாங்கினேன். கூட்டம் இருந்தது. அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பேரும் நட்சத்திரமும் கேட்டார். சௌந்தரம் என்றேன். நட்சத்திரம் தெரியவில்லை. இத்தனை வருடம் எதிர் எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தும் கேட்டுக்கொண்டதில்லை. அந்தச் செடிக்கு மேடம் வைக்க இருந்த பேருக்கும் செய்ய வேண்டும் என்று மனதில் இருந்தது. அது என்ன பேர் என்று தெரியாதே. நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "தெரியலைன்னா பரவால்லைங்க, சாமி பேருக்கே பண்ணிரலாம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே திரும்பினார். கையைக் கூப்பி, நிமிர்ந்து பார்த்தேன்.